பிள்ளையார்பாளையத்துத் தறியும் என் வலது தோளும்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றிக் குறுகலான ஒரு பாதை இருக்கிறது. உள்ளே நுழையத் தவழ வேண்டும்; வெளியே வரவும் தவழ வேண்டும். அந்தப் பொந்துக்குள் புகுந்து சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை.

பங்குனி மாதத்துக் காலை ஒன்றில் நானும் பயபக்தியோடு குனிந்தேன். வலது கையைத் தரையில் ஊன்றி உடம்பை முன்னால் நகர்த்தியதுதான் தாமதம், தோளின் முன்பக்கத்தில் யாரோ ஊசியை ஏற்றியதுபோல் ஒரு வலி. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. எனக்குப் பின்னால் காத்திருந்த ஒரு பாட்டி, “என்னப்பா, இந்தப் பிறவியிலயே மாட்டிக்கிட்டியா?” என்றார்.

ஒருவழியாக இடது கையால் உந்தி வெளியே வந்து, பிராகாரத்தில் உட்கார்ந்தேன். பல்லவ மன்னன் ராஜசிம்மன் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய மணற்கல் கோயில். சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள். காலை வெயில் பட்டால் மொத்தக் கல்லும் பொன்னிறமாகிவிடும்.

தோளைத் தேய்த்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். கயிலையோடு சம்பந்தப்பட்டுத் தோளைக் கெடுத்துக்கொண்ட முதல் ஆள் நான் இல்லை. ராவணனுக்கு இருபது தோள்கள். அத்தனையையும் கொடுத்துக் கயிலை மலையைத் தூக்கப் பார்த்தான். சிவன் கால் விரலால் அழுத்த, மலைக்கடியில் நெரிந்துபோனான். திருஞானசம்பந்தர் தன் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாவது பாட்டில் அந்தக் கதையை நினைவூட்டிக்கொண்டே இருப்பார். நான் தூக்கியது மலையில்லை. வெறும் 50 கிலோ.

ஆறு மாதத்தில் ஆணழகன்

நடந்தது இதுதான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது, தாய்மாமன் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. மாமனுக்கு வயது நாற்பத்து நான்கு. பதினைந்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த உடம்பு. “மாமா, என்னைக் கீழே போட்டுட மாட்டீங்களே?” என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டது எங்கோ சுருக்கென்று தைத்தது. மறுநாளே வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

பக்கத்தில் பையன்கள் என்ன செய்கிறார்களோ அதையே நானும் செய்தேன். படுத்துக்கொண்டு கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்தான் எல்லோருக்கும் பிடித்த பயிற்சி. எனக்கும் பிடித்துப்போனது. வாரம் நான்கு நாள் தள்ளினேன். வாரா வாரம் எடையைக் கூட்டினேன். மூன்றாவது மாதம், சட்டை போடக் கையைத் தூக்கினால் வலித்தது. பிறகு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

எலும்பு மூட்டு மருத்துவர் பார்த்துவிட்டு, “தசைநார் கிழியலை. ஆனா நல்லா உரசிப் புண்ணாகியிருக்கு. கொஞ்ச நாள் தள்ளுறதை நிறுத்துங்க, பிசியோதெரபி போங்க. அப்புறம் தூக்குற முறையை மாத்துங்க” என்றார். முதல் இரண்டும் புரிந்தன. மூன்றாவதைப் புரியவைத்தது பிள்ளையார்பாளையம்.

தறி சொன்ன பாடம்

கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பிள்ளையார்பாளையம். காஞ்சிபுரத்தின் மேற்குப் பக்கத்து நெசவாளர் பகுதி. கடைத்தெருவின் கண்ணாடி வாசல்களும் ஏசியும் இங்கே கிடையாது. தெருவில் நடந்தால் திறந்த கதவுகளுக்குள்ளிருந்து ‘டக்... டக்...’ என்று தறிச்சத்தம் மட்டும் கூடவே வரும். கல்யாணப் புடவையைத் தறியிலேயே சொல்லி நெய்து வாங்கலாம் என்று, தெரிந்தவர் ஒருவர் அனுப்பி வைத்திருந்தார்.

நெசவாளருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார். அது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஆளுக்கொன்று, ஆக மூன்று நாடாக்கள். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட அவருடைய மனைவி அருகில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு இழைக்கும் அச்சைத் தன்பக்கம் இழுத்து அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை அப்படி இழுக்கிறார் என்று அவரே எண்ணியதில்லையாம்.

“தோள் வலிக்காதாங்க ஐயா?” என்று கேட்டேன்.

“வலிக்காம இருக்குமா? சாயங்காலம் ஆனா கழுத்து, இடுப்பு எல்லாம் பிடிச்சுக்கும். குனிஞ்சே உக்காந்திருக்கோம்ல. ஆனா அச்சு அடிக்கிற கை மட்டும் ஒண்ணும் பண்ணாது. கையால அடிச்சாத்தான் தம்பி வலிக்கும். முதுகால அடிக்கணும்.”

முதுகால் எப்படி அடிப்பது? புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் வந்தார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் போகிறார்கள். வேலை முடிந்த மாலைகளில் அவர் பக்கத்து ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறாராம். என் தோள் கதையைக் கேட்டதும் கண்ணில் ஒரு வெளிச்சம்.

“அண்ணே, அப்பாவோட முழங்கையைப் பாருங்க. உடம்பை விட்டு விலகுதா? தோள் காதுப் பக்கம் ஏறுதா? முதல்ல முதுகுல இருக்கிற தோள்பட்டை எலும்பு பின்னால போகுது. அப்புறம்தான் கை வருது. அப்பா நாள் முழுக்க இழுக்கிறாரு. நீங்க மூணு மாசமா தள்ள மட்டும் செஞ்சிருக்கீங்க.”

கிண்ணம் சின்னது, பந்து பெரிது

அன்று மாலை அவரோடு ஜிம்முக்குப் போனேன். கண்ணாடிச் சுவர், பாட்டுச் சத்தம் எல்லாம் எந்த ஊரிலும் இருப்பவைதான். ஆனால் முதல் அரை மணி நேரம் அவர் என்னை எதையும் தூக்க விடவில்லை. உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். இடுப்பிலும் அதே வகை மூட்டுதான். ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழமானது. பந்து உள்ளே நன்றாக உட்கார்ந்திருக்கும். தோளில் கிண்ணம் ஆழமில்லாத ஒரு தட்டு. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை, உறுதிக் குறைவு. பந்தைத் தட்டின் நடுவில் பிடித்து நிறுத்துபவை நான்கு சிறிய தசைகள். நெஞ்சுத் தசையும் தோளின் வெளித்தசையும் பெரியவை, கண்ணாடியில் தெரிபவை. நாம் அவற்றை மட்டும் வளர்க்கிறோம். உள்ளே இருக்கும் நான்கையும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொன்னார். கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்கும்போது, அந்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பு திரும்புவதால் கிடைக்கிறது. செல்போனையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக் கூன் போட்டே பழகியவர்களுக்கு அந்த எலும்பு சரியாகத் திரும்பாது. அப்போது பந்துக்கும் அதன் மேலிருக்கும் எலும்புக்கும் நடுவே ஓடும் தசைநார் நசுங்கி உரசும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நன்றாகக் கூன் போட்டு உட்கார்ந்து கையை மேலே தூக்குங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தூக்குங்கள். எவ்வளவு வித்தியாசம் என்று உடனே தெரியும்.

எங்கே தவறினேன்?

பிறகு ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி, என் தவறுகளைப் பிடித்தார். ஜிம் போகும் எல்லோருக்கும் உதவும் என்பதால் அப்படியே தருகிறேன்.

பெஞ்ச் பிரஸ்: நான் முழங்கைகளை இரண்டு பக்கமும் சிலுவைபோல விரித்து, கம்பியைக் கழுத்தெலும்புக்கு அருகில் இறக்கிக்கொண்டிருந்தேன். தோளைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாதாம். படுத்தவுடன் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றுசேர்த்து, கீழே இறக்கி, பெஞ்சில் அழுத்த வேண்டும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும். முழங்கைகள் உடம்பிலிருந்து சுமார் 45 முதல் 60 டிகிரி மட்டும் விலகலாம். கம்பி நெஞ்சின் கீழ்ப்பகுதியில் தொட வேண்டும்.

தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ்: பிடி தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். கம்பிக்கு நேர் கீழே முழங்கை. வயிற்றையும் பின்புறத்தையும் இறுக்கிக்கொண்டு தள்ள வேண்டும். எடை மேலே போகவில்லை என்று இடுப்பை வளைத்துப் பின்னால் சாயக் கூடாது. ஒலிம்பிக்கிலேயே ஒரு காலத்தில் இப்படித் தள்ளும் போட்டி இருந்தது. வீரர்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து, நின்றபடி பெஞ்ச் பிரஸ் செய்வதுபோல் ஆனது. எது சரி, எது தவறு என்று நடுவர்களால் சொல்ல முடியவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

கழுத்துக்குப் பின்னால் வேண்டாம்: கம்பியைப் பின்கழுத்துக்கு இறக்கித் தள்ளுவதும், மேலிருந்து கம்பியைப் பின்கழுத்துக்கு இழுப்பதும் பழைய படங்களில் அழகாக இருக்கும். தோள் அசைவு முழுமையாக இல்லாதவர்களுக்கு அது வீண் வம்பு. எப்போதும் முகத்துக்கு முன்னால் இறக்குவதே நல்லது.

டம்பெல்லைப் பக்கவாட்டில் தூக்கும்போது: கைகளை உடம்புக்கு நேர் பக்கவாட்டில் விரிக்காமல், சுமார் 30 டிகிரி முன்னால் கொண்டுவந்து தூக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு இயல்பாக அமைந்திருக்கும் கோணம் அதுதான். தோள் உயரத்தோடு நிறுத்தலாம். கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையைத் திருப்பக் கூடாது.

ஒரு தள்ளலுக்கு ஓர் இழுப்பு: தள்ளும் பயிற்சி ஒரு செட் செய்தால், இழுக்கும் பயிற்சி குறைந்தது ஒரு செட். எனக்கு இரண்டு செட் என்று சொல்லிவிட்டார். “தறியை நினைச்சுக்கங்க அண்ணே. முழங்கையைப் பின்னால கொண்டு போங்க. கை வெறும் கொக்கி.”

தொடங்கும் முன்: ஐந்து பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்ற வேண்டும். கைகளைச் சுழற்றுதல், ரப்பர் பட்டையை இழுத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புதல் போன்றவை அந்த நான்கு சிறு தசைகளை எழுப்பிவிடும். முதல் செட் எடையே இல்லாத கம்பியில்தான். ஆண்களுக்கான போட்டிக் கம்பியே 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. அதுவும் கனமென்றால் டம்பெல் போதும். எடை கூட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கடைசி ரெப்ஸில் உடம்பு கோணினால் அந்த எடை நமக்கு அதிகம் என்று அர்த்தம்.

ஜிம் பக்கமே போகாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்பது 20 கிலோ எடை. அதைக் கையை நீட்டித் தூக்கினால் பாரம் முழுதும் தோளில் விழும். முழங்காலை மடக்கி, கேனை உடம்போடு அணைத்து, காலால் எழ வேண்டும். ரயிலில் மேல் பெர்த்துக்குப் பெட்டியை ஏற்றுவதும் அப்படித்தான். முதலில் நெஞ்சு வரை, பிறகு ஒரு மூச்சு, பிறகு மேலே. பக்கத்தில் ஆளிருந்தால் “ஒரு கை கொடுங்க” என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

மீராபாயின் தோள்

எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுமா? அவர் செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். மீராபாய் சானு.

மணிப்பூரின் மீராபாய் 2017-லேயே உலக சாம்பியன். அவருக்கே தோளிலும் முதுகிலும் தொல்லை இருந்தது. ஸ்நாட்ச் பிரிவில், அதாவது கம்பியைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவதில், அவருக்குத் தடங்கல். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போய், ஆரோன் ஹார்ஷிக் என்ற உடலியக்கச் சிகிச்சை நிபுணரிடம் தன் தூக்கும் முறையைச் சரிசெய்துகொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை. சில மாதங்களில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோவோடு வெள்ளிப் பதக்கம்.

“உலக சாம்பியனே மறுபடி முதல்லேருந்து கத்துக்கிட்டாங்க அண்ணே. நமக்கென்ன வெக்கம்?” என்றார். நம் பக்கத்து வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றதையும் சொன்னார். அவருடைய வீடியோக்களை எடை எவ்வளவு என்று பார்க்காமல், கம்பி எவ்வளவு நேராக மேலே போகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

கிளம்பும்போது அவர் கொடுத்த எச்சரிக்கை முக்கியமானது. பயிற்சி செய்த மறுநாள், அதற்கடுத்த நாள் சதை வலித்தால் அது இயல்பு. தூக்கும்போதே மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அங்கேயே நிறுத்த வேண்டும். இரவில் தூக்கம் கெடும் வலி, கையில் பலம் குறைவது, மரத்துப்போவது, கையைத் தூக்கவே முடியாமல் போவது ஆகியவற்றுக்கு ஜிம்மில் மருந்து கிடையாது. மருத்துவரிடம் போக வேண்டும். நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தோள் இறுகிப்போகும் பிரச்சினை அவர்களுக்கு அதிகம் வருகிறது. இடதுதோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வைகாசி விடியல்

புடவையை வாங்க வைகாசியில் மறுபடி போனேன். “கருடசேவை அன்னைக்கே வாங்க அண்ணே. தோள் எப்படித் தாங்குதுன்னு பாப்பீங்க” என்று அவர்தான் நாள் சொன்னார்.

வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள். இருட்டு பிரியும் நேரத்தில் சின்ன காஞ்சிபுரமே கோபுர வாசலில் நிற்கிறது. பெருமாள் கருட வாகனத்தில் வெளியே வருகிறார். சோளிங்கரில் இருந்தபடி தரிசனத்துக்கு ஏங்கிய தொட்டாசாரியாருக்காக, குடைகளால் பெருமாளை ஒரு கணம் மறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. எல்லோரும் குடையைப் பார்த்தார்கள். நான் கீழே, ஸ்ரீபாதந்தாங்கிகளைப் பார்த்தேன்.

வாகனத்தைத் தூக்கும்போது எல்லோருடைய முழங்கால்களும் ஒன்றாக மடங்கி ஒன்றாக நிமிர்கின்றன. தண்டு தோளின் முனையில் உட்காரவில்லை. கழுத்தை ஒட்டிய சதைமேட்டில், மடித்த துணிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. முதுகு நேராக இருக்கிறது. பாரம் அந்த மேட்டில் இறங்கி, முதுகெலும்பு வழியாகக் காலுக்குப் போய்விடுகிறது. களைத்தவர் விலக, இன்னொருவர் தோள் கொடுக்கிறார். ஒருவரும் தன் பலத்தைக் காட்ட அங்கே தூக்கவில்லை. அதனால்தான் ஊர் முழுக்க நடக்க முடிகிறது.

பெருமாள் பெரிய காஞ்சிபுரம் பக்கம் கங்கைகொண்டான் மண்டபத்தை நோக்கிப் போக, நான் பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை. பெரியவர் புடவையை மடித்து என் கையில் வைத்தார். “தோள் எப்படித் தம்பி?” என்றார். “இழுக்கிறேங்க ஐயா” என்றேன். சிரித்தார்.

சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான் காஞ்சிபுரம். போகிறவர்கள் கைலாசநாதரைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அப்படியே பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் கொஞ்சம் நடங்கள். அனுமதி கேட்டு ஒரு தறியருகில் பத்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த முறை பட்டுப்புடவையின் விலையைப் பேரம் பேசும்போது அந்தப் பத்து நிமிடம் ஞாபகத்துக்கு வரும்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் பெண்ணைத் தூக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் இன்னும் சில மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தார், பேசாமல் கேட்டுக்கொண்டேன். என் தம்பி முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, நான் சொல்லிக்கொடுத்தபடி அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அவள் மேலேயிருந்து கை நீட்டி, “மாமா, மாலை!” என்று கத்தினாள்.

மாலையை எடுத்து, வலது கையை முழுதாகத் தலைக்கு மேல் நீட்டி அவளிடம் கொடுத்தேன். கொடுத்து முடித்த பிறகுதான் கவனித்தேன். வலிக்கவில்லை.